சொந்த மூச்சும் இரவல் மூச்சும்

போன மாதம் என் பேரன் கார் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தான். கையில் இரண்டு விலைப்பட்டியல். இரண்டும் ஒரே கார்தான், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாராகும் ரெனோ கைகர். ஒன்றில் சாதா எஞ்சின், மற்றதில் டர்போ எஞ்சின். இரண்டுமே 1 லிட்டர், இரண்டுக்கும் மூன்று சிலிண்டர்தான். சாதாவுக்கு 72 குதிரைத்திறன், டர்போவுக்கு 100. "ஓட்டுறதுல ஒரு விறுவிறுப்பு வேணும் தாத்தா. எதை எடுக்கலாம்?" என்று கேட்டான்.

நான் வாழ்நாளில் ஓட்டிய வண்டி ஒரு ஸ்கூட்டர்தான். முப்பத்து நாலு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு தள்ளியவனிடம் எஞ்சினைப் பற்றிக் கேட்பானேன் என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த டர்போ, சாதா விவகாரத்தில் நானும் என் தாய்மாமாவும் எட்டு வருஷம் சண்டை போட்டோம். பந்தயம்கூடக் கட்டினோம். அந்தக் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, டர்போ கார்ப்பந்தயத்துக்குள் வந்த வரலாற்றை இந்த முறை எழுதிவிடுகிறேன்.

மாமா புதுச்சேரிக்காரர்கள் சொல்லும் 'சொல்தா'. பிரெஞ்சு ராணுவத்தில் லாரி மெக்கானிக்காக இருந்துவிட்டு, பிரெஞ்சு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். எனக்குப் படிப்பு முழுவதும் பிரெஞ்சு வழி என்பதால், பிரான்ஸிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் பழைய மோட்டார் பத்திரிகைகள் முதலில் என் கைக்கு வரும். நான் படித்துவிட்டு மாமாவிடம் கொடுப்பேன். அவருக்குப் படிப்பதைவிட விவாதிப்பதில்தான் ஆசை அதிகம்.

முதலில் எஞ்சின் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் எரிய காற்று வேண்டும். சாதா எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, வெளிக்காற்று தன் சொந்த அழுத்தத்தால் உள்ளே வருகிறது. நாம் மூச்சு இழுப்பதும் அப்படித்தான். பிரெஞ்சில் இதை 'மொத்தேர் அத்மோஸ்ஃபெரிக்' என்பார்கள், அதாவது வளிமண்டல எஞ்சின். வளிமண்டலம் எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுதான் அதற்கு. சக்தி கூட வேண்டுமென்றால் எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் நிமிஷத்துக்கு அதிகச் சுற்று சுற்ற வைக்க வேண்டும்.

டர்போ வேறு வழி. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை சூடாகவும் வேகமாகவும் போகிறது. அதன் வழியில் ஒரு சின்னச் சக்கரத்தை வைத்தால் அது சுழலும், நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல்கூடச் சுழலும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் தள்ளும். வீணாகப் போகிற புகையை வைத்தே காற்றைத் திணிக்கிற ஏற்பாடு. ஸ்விட்சர்லாந்துக்காரரான ஆல்ஃப்ரெட் பூஷி 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்ஸின் ஒகுஸ்த் ரத்தோ இதை ரெனோ விமான எஞ்சினில் பொருத்தினார். உயரே போகப் போகக் காற்று மெலிந்துவிடும் அல்லவா, அங்கே மூச்சு முட்டுகிற எஞ்சினுக்கு டர்போ கைகொடுத்தது.

இதில் இரண்டு தொல்லைகள். முதலாவது சூடு. சைக்கிள் பம்பில் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடும். அமுக்கப்பட்ட காற்று சூடாகிறது, சூடான காற்றோடு பெட்ரோல் கலந்தால் நேரம் தவறி வெடித்து பிஸ்டனையே ஓட்டையாக்கிவிடும். அதனால் காற்றைக் குளிர்விக்க இடையில் ஒரு ரேடியேட்டர் வேண்டும். இரண்டாவது தாமதம். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் முதலில் புகை பெருக வேண்டும், பிறகு சக்கரம் வேகம் பிடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் காற்று வந்து சேரும். பிரெஞ்சில் இதைப் 'பதில் வரும் நேரம்' என்பார்கள். தலைமைச் செயலகத்துக்குக் கோப்பு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்த எனக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கோப்பு போயிருக்கும், அனுமதி நிச்சயம் வரும். எப்போது வரும் என்பது மட்டும் தெரியாது. வரும்போது மொத்தமாக வந்து விழும்.

பந்தய ஓட்டுநருக்கு இந்தத் தாமதம் சாதாரண விஷயமல்ல. வளைவில் திரும்பி வெளியே வரும்போது, கால் எவ்வளவு மிதிக்கிறதோ அவ்வளவு சக்தி அதே கணத்தில் சக்கரத்துக்குப் போக வேண்டும். சாதா எஞ்சினில் அப்படித்தான் நடக்கும். டர்போவிலோ வளைவின் நடுவிலேயே, கார் இன்னும் நேராகாதபோதே, மிதித்து வைக்க வேண்டும். கணக்குத் தப்பினால் சக்தி வரும் நேரத்தில் பின்சக்கரம் வழுக்கி கார் சுழன்றுவிடும்.

இனி வரலாறு. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 1966-ல் புது விதி வந்தது. சாதா எஞ்சின் 3 லிட்டர் வரை இருக்கலாம். காற்றை அமுக்கித் திணிக்கிற எஞ்சினாக இருந்தால் 1.5 லிட்டர்தான். அரசாணைகளில் சில உட்பிரிவுகள் இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள், நீக்கவும் மாட்டார்கள். இந்த 1.5 லிட்டர் உட்பிரிவும் அப்படிப் பதினோரு வருஷம் சும்மா கிடந்தது. பாதி அளவு எஞ்சினை வைத்துக்கொண்டு, சூட்டையும் தாமதத்தையும் சமாளித்து ஜெயிப்பது யாருக்கும் சாத்தியமாகத் தோன்றவில்லை.

தோன்றாததற்கு ஒரு பெரிய காரணம் காஸ்வொர்த். இங்கிலாந்தின் கீத் டக்வொர்த், ஃபோர்டு கம்பெனி கொடுத்த ஒரு லட்சம் பவுண்டில் உருவாக்கிய வி-8 எஞ்சின் அது. டி.எஃப்.வி. என்று பெயர். 1967 ஜூன் 4-ஆம் தேதி ஹாலந்தின் ஸான்ட்வோர்ட்டில் முதல் முறையாகப் பந்தயத்தில் இறங்கியது. லோட்டஸ் காரில் ஜிம் கிளார்க் அதை ஓட்டி அன்றைக்கே ஜெயித்தார். அப்போது அதன் சக்தி சுமார் 400 குதிரைத்திறன். பிறகு பணம் கொடுத்தால் யாருக்கும் கிடைத்தது. சின்னச் சின்ன ஆங்கிலேயக் குழுக்கள் எல்லாம் இந்த எஞ்சினை வாங்கித் தங்கள் காரில் பொருத்தி ஓட்டின. 1983-க்குள் அந்தக் குடும்பத்து எஞ்சின்கள் 155 பந்தயங்களை ஜெயித்தன. மாமாவுக்கு அந்த எஞ்சின்மேல் பக்தியே இருந்தது. "சொந்த மூச்சுல பாடுறவன்டா அவன்" என்பார்.

டர்போ மற்ற இடங்களில் தலைகாட்டிக்கொண்டுதான் இருந்தது. அமெரிக்காவின் இண்டியனாபோலிஸில் 1968-ல் பாபி அன்ஸர் டர்போ பொருத்திய ஆஃபன்ஹவுஸர் எஞ்சினோடு ஜெயித்தார். 1972, 1973-ல் போர்ஷே 917 டர்போ கார்கள் வட அமெரிக்காவின் கான்-ஆம் பந்தயங்களை ஆண்டன, ஆயிரம் குதிரைத்திறனுக்கும் மேல். ஆனால் அங்கெல்லாம் ஓடுபாதை அகலம், வளைவுகள் நீளம். குறுகலும் நெளிவுமான ஐரோப்பியப் பாதைகளில் டர்போ எடுபடாது என்பது பொதுவான நினைப்பு.

பாரிஸுக்குத் தெற்கே விரி-ஷத்தியோன் என்ற ஊரில் ரெனோவின் பந்தய எஞ்சின் பட்டறை இருந்தது. அமெதே கோர்தினி தொடங்கிய இடம். அங்கே பெர்னார் துதோ என்ற இளம் பொறியாளர் டர்போவைக் கையில் எடுத்தார். அமெரிக்காவுக்குப் போய் டர்போ தயாரிப்பவர்களிடம் தொழில் கற்று வந்தார். 2 லிட்டர் டர்போ எஞ்சினோடு ல மான் 24 மணி நேரப் பந்தயத்தை ரெனோ 1978-ல் ஜெயித்தது. திதியே பிரோனியும் ழான் பியேர் ழொசோவும் ஓட்டினார்கள். (பிரெஞ்சுக்காரர்களின் 'ஜ' நம் ஊர் வழக்கில் 'ழ' ஆகிவிடும், மற்ற ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

அதற்கு முந்தின வருஷமே ரெனோ அந்தப் பழைய உட்பிரிவைத் தூசி தட்டி எடுத்திருந்தது. 1977 ஜூலை 16, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன். மஞ்சள் நிறக் கார், 1.5 லிட்டர் வி-6, டர்போ. ஓட்டியவர் ழான் பியேர் ழபுய். எஞ்சின் நுட்பம் அறிந்த, பொறுமையான மனிதர். புறப்பட்டது 21-ஆவது இடத்தில், டர்போ பழுதாகிப் பாதியில் நின்றது. அந்த வருஷம் கலந்துகொண்ட ஒரு பந்தயத்தைக்கூட அந்தக் கார் முடிக்கவில்லை. எஞ்சின் வெடித்து வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஆங்கிலேயர்கள் 'மஞ்சள் டீ கெட்டில்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மாமா அதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தார்.

1978 அக்டோபரில், அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென்னில் நாலாவது இடம், டர்போவுக்கு முதல் புள்ளிகள். 1979 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் கியலாமியில் ழபுய் எல்லோரையும்விட வேகமான சுற்று ஓட்டி முதல் வரிசை முதல் இடம் பிடித்தார். இதற்கு ஒரு காரணம் உண்டு. கியலாமி கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்குதான். சாதா எஞ்சின்களுக்குச் சக்தி அந்த அளவுக்குக் குறையும், டர்போ அமுக்கித் தள்ளி ஈடுகட்டிவிடும். "மலைமேல ஜெயிக்கிறது என்னடா ஜெயிப்பு, கீழ வந்து காட்டச் சொல்லு" என்றார் மாமா.

கீழே வந்தும் காட்டியது. 1979 ஜூலை 1, பிரான்ஸின் திழோன். அந்த வருஷம் ஒரு பெரிய டர்போவை எடுத்துவிட்டு, வி-6-இன் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு சின்ன டர்போ வைத்திருந்தார்கள். சின்னச் சக்கரம் சீக்கிரம் வேகம் பிடிக்கும், தாமதம் குறையும். ழபுய் முதலில் வந்தார். ஃபார்முலா ஒன்னில் டர்போ எஞ்சினின் முதல் வெற்றி. பிரெஞ்சு ஓட்டுநர், பிரெஞ்சு கார், பிரெஞ்சு எஞ்சின், மிஷ்லின் டயர், எல்ஃப் பெட்ரோல், பிரெஞ்சு மண். எங்கள் சொல்தாக்களுக்குச் சொல்ல வேண்டுமா? அந்த வருஷம் ஜூலை 14 தேசிய தினத்தன்று கூடியபோது ஊரிலிருந்து வந்த ஒருவர் பத்திரிகையோடு வந்திருந்தார். மெடல் குத்திய கிழவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தைச் சுற்றி நின்றார்கள். எல்லாமே பிரெஞ்சு என்று ஒருவர் மார் தட்டினார். அந்த இரண்டு டர்போவும் ஜெர்மன் கம்பெனியுடையவை என்று நான் சொன்னேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பந்தயத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆனால் ழபுய்யைப் பற்றிப் பேசுவதில்லை. அவருக்குப் பின்னால் இரண்டாம் இடத்துக்காக, ஃபெராரியில் ழீல் வில்நெவும் இன்னொரு ரெனோவில் ரெனே அர்னூவும் கடைசிச் சுற்றுகளில் போட்ட சண்டைதான் பேச்சு. ஃபெராரி 12 சிலிண்டர் சாதா எஞ்சின், ரெனோ டர்போ. நேர்ப்பாதையில் அர்னூ முந்துவார். வளைவுக்கு பிரேக் போடும் இடத்தில் வில்நெவ் டயர் புகைய உள்ளே புகுந்து மீட்பார். சக்கரத்தோடு சக்கரம் இடித்தன, இரண்டு கார்களும் பாதையை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தன. கடைசியில் வில்நெவ் கால் வினாடி முன்னால் வந்தார். டர்போவுக்கும் சாதாவுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் அந்தச் சில சுற்றுகளிலேயே பார்த்துவிடலாம். படம் பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் பார்க்கக் கிடைத்தது. இரண்டு வருஷம் கேலியைத் தாங்கி, புகை கக்கி நின்று, கடைசியில் முதலில் வந்த மனிதரை கேமராவே மறந்துவிட்டிருந்தது.

அன்று மாலை கடற்கரையில்தான் பந்தயம் கட்டினோம். "அஞ்சு வருஷத்துக்குள்ள உலகச் சாம்பியன் பட்டம் டர்போ கார்ல ஓட்டுறவருக்கு வரும் மாமா" என்றேன். "வராது. இரவல் மூச்சுல ஒரு பாட்டு பாடலாம்டா, கச்சேரி பண்ண முடியாது" என்றார். தோற்றவர் ஒரு பாட்டில் போர்தோ ஒயின். என் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன். குமாஸ்தா புத்தி.

அடுத்த மூன்று வருஷம் மாமா பக்கம்தான் காற்று. ரெனோ வேகம், சந்தேகமே இல்லை. பந்தயங்களையும் ஜெயித்தது. ஆனால் வருஷம் முழுவதும் தாக்குப்பிடிக்கவில்லை. 1982-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரெனோ நாலு பந்தயம் ஜெயித்தது, அலென் ப்ரோஸ்ட் இரண்டு, அர்னூ இரண்டு. பட்டம் வாங்கியவரோ கேகே ரோஸ்பெர்க், காஸ்வொர்த் சாதா எஞ்சின் வைத்த வில்லியம்ஸ் காரில். அந்த வருஷம் அவர் ஜெயித்தது ஒரே ஒரு பந்தயம். அதுவும் அதே திழோனில், கடைசிச் சுற்றுகளில் ப்ரோஸ்டின் ரெனோவை முந்தி. மற்றப் பந்தயங்களில் ஒழுங்காக ஓடி முடித்துப் புள்ளி சேர்த்தார். மாமா சொன்னார்: "பார்த்தியா, தினம் ஆபீசுக்கு வர்றவனுக்குத்தான் பிரமோஷன்." அந்த வார்த்தை எனக்கு உறுத்தியது, ஏனென்றால் எங்கள் அலுவலகத்தில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

1983 வந்தது. ப்ரோஸ்ட் ரெனோவில் நாலு பந்தயம் ஜெயித்தார். ஆகஸ்டில் ஆஸ்திரியப் பந்தயம் முடிந்தபோது 14 புள்ளி முன்னணி. மீதி நாலே பந்தயம். நான் ஒயின் பாட்டிலுக்கு இடம் பார்த்துவிட்டேன். பிறகு ஹாலந்தில் ப்ரோஸ்ட் பிராபம் காரில் வந்த நெல்சன் பிக்கேயோடு மோதி இருவரும் வெளியேறினார்கள். மோன்ஸாவில் ப்ரோஸ்டின் டர்போ கெட்டது, பிக்கே ஜெயித்தார். அடுத்ததையும் பிக்கேதான் ஜெயித்தார். அக்டோபர் 15, கியலாமி, கடைசிப் பந்தயம். ப்ரோஸ்டின் டர்போ மறுபடியும் கெட்டு அவர் பாதியில் இறங்கிவிட்டார். பிக்கே மூன்றாவதாக வந்தார். 59-க்கு 57. இரண்டு புள்ளியில் போனது. ப்ரோஸ்டும் ரெனோவும் உடனே பிரிந்தார்கள்.

ஆனால் பிக்கேயின் பிராபமிலும் டர்போதான், பி.எம்.டபிள்யூ. செய்தது. சாலைக் கார் எஞ்சினின் நாலு சிலிண்டர் பிளாக்கை வைத்துச் செய்த எஞ்சின். ஆக டர்போ காரில் ஓட்டியவர் சாம்பியன், நான் பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன். மாமா முகத்தைத் தொங்கப் போடவில்லை. பாட்டிலைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ ஜெயிச்சே. ஆனா, விதை போட்டவன் வீட்டுக்கு நெல்லு போகலை, பார்த்துக்க." நான் அப்போது அதைத் தோற்றவரின் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் அதிகமாகவே பீற்றிக்கொண்டேன். இரவல் மூச்சு இப்போது கச்சேரி பண்ணுகிறதே என்று வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு காஸ்வொர்த் காலம் முடிந்தது. 1983 ஜூனில் டெட்ராயிட்டில் மிக்கேலே ஆல்பொரெட்டோ ஜெயித்ததுதான் அந்த எஞ்சின் குடும்பத்தின் கடைசி வெற்றி. 1984-ல் போர்ஷே செய்த டாக் டர்போ எஞ்சினோடு மெக்லாரன் 16-ல் 12 பந்தயம் ஜெயித்தது. 1986-ல் தகுதிச் சுற்றுக்கு மட்டும் பயன்படுத்திய டர்போக்கள் ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டின. 1.5 லிட்டர், நம் ஊர் சின்னக் கார் எஞ்சின் அளவு. சில சுற்று ஓடிவிட்டுச் செத்துப்போகும், அதற்காகவே செய்தது. ரெனோ குழு 1984-லும் 1985-லும் ஒரு பந்தயம்கூட ஜெயிக்காமல் 1985-ஓடு கடையைக் கட்டியது. மற்ற குழுக்களுக்கு எஞ்சின் கொடுப்பதையும் 1986-ஓடு நிறுத்திக்கொண்டது. லோட்டஸில் இளைஞர் அயர்ட்டன் சென்னா தன் முதல் வெற்றியை 1985-ல் பெற்றது ரெனோ டர்போவோடுதான்.

விதி செய்பவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. முதலில் பெட்ரோலை அளந்தார்கள்: 1984-ல் பந்தயத்துக்கு 220 லிட்டர், 1986-ல் 195, 1988-ல் டர்போவுக்கு 150. காற்றழுத்தத்துக்கும் பூட்டு போட்டார்கள், 1987-ல் 4 பார், 1988-ல் 2.5 பார். அப்படிக் கட்டிப்போட்டும் 1988-ல் மெக்லாரன்-ஹோண்டா டர்போ 16-ல் 15 பந்தயத்தை ஜெயித்தது. 1989-லிருந்து டர்போவுக்கே தடை. எல்லோரும் 3.5 லிட்டர் சாதா எஞ்சின்.

மாமா 1987 மழைக்காலத்தில் தவறிப்போனார். இரண்டு வருஷம் இருந்திருந்தால் தன் 'சொந்த மூச்சு' திரும்பி வந்ததைப் பார்த்திருப்பார். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றிய முதல் செய்தி அதுதான். சொல்ல ஆளில்லை.

அவர் இருந்திருந்தால் இன்னும் ரசித்திருக்கக்கூடிய விஷயம் அதற்கு அப்புறம் நடந்தது. 1986-ல், டர்போவின் கடைசி நாள்களில், விரியில் துதோ குழுவினர் ஒரு வேலை செய்தார்கள். எஞ்சின் மிக வேகமாகச் சுற்றும்போது வால்வை மூடுகிற எஃகு ஸ்பிரிங் ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறும். அதற்குப் பதிலாக அழுத்தப்பட்ட வாயுவையே ஸ்பிரிங்காக வைத்தார்கள். டர்போவுக்காகச் செய்த அந்த ஏற்பாடு, டர்போ போன பிறகுதான் உண்மையான பயனைத் தந்தது. சாதா எஞ்சினில் சக்தி கூட வேண்டுமென்றால் அதிகச் சுற்று வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்தக் கதவை அது திறந்தது. 1989-ல் ரெனோ வி-10 சாதா எஞ்சினோடு திரும்பி வந்தது, அதே துதோவின் கையால். 1992-லிருந்து 1997 வரை ஆறு வருஷம் தொடர்ந்து, குழுக்களுக்கான பட்டம் ரெனோ எஞ்சின் வைத்தவர்களுக்கே போனது. 1993-ல் சாம்பியன் அதே ப்ரோஸ்ட், பத்து வருஷம் முன்னால் இரண்டு புள்ளியில் கைவிட்ட அதே ரெனோ எஞ்சினோடு. 1997-ல் சாம்பியன் ழாக் வில்நெவ். திழோனில் ரெனோ டர்போவோடு மல்லுக்கட்டிய ழீல் வில்நெவின் மகன். தகப்பனார் 1982 மே மாதம் பெல்ஜியத்தில் ஸோல்டர் பாதையில் விபத்தில் இறந்துபோயிருந்தார்.

2005, 2006-ல் ஃபெர்னாண்டோ அலோன்ஸோவோடு ரெனோ குழுவே பட்டம் வாங்கியது, சாதா எஞ்சின். 2010-லிருந்து 2013 வரை ரெட் புல் வாங்கிய நாலு பட்டங்களிலும் ரெனோவின் வி-8, அதுவும் சாதா. 2014-ல் விதி மாறி டர்போ திரும்ப வந்தது, 1.6 லிட்டர் வி-6, மின் மோட்டார் துணையோடு. அதில் ரெனோவுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. 2024 செப்டம்பரில், 2025 பருவத்தோடு ஃபார்முலா ஒன் எஞ்சின் செய்வதையே நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று பழைய குறிப்பேட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். டர்போவை உள்ளே கொண்டு வந்தவர்கள் ரெனோ. அவர்கள் கதவைத் திறந்த பிறகு பி.எம்.டபிள்யூ., போர்ஷே, ஹோண்டா எல்லோரும் டர்போவோடு சாம்பியனை உருவாக்கினார்கள். ரெனோ எஞ்சினோடு இத்தனை பட்டங்கள் வந்தன, அத்தனையும் சாதா எஞ்சினில். டர்போவோடு ஒன்றுகூட இல்லை. விதை போட்டவன் வீட்டுக்கு நெல்லு போகலை என்று மாமா சொன்னது 1983-க்கு மட்டும் சொன்னதல்ல போலிருக்கிறது. அன்று வந்தவர்கள் முன்னால் நான் பீற்றிக்கொண்டிராமல் அவரைப் பேச விட்டிருந்தால், இன்னும் என்ன சொல்லியிருப்பாரோ. லாரி எஞ்சினைக் கழற்றிப் போட்டு வாழ்ந்தவர் அவர். நான் பத்திரிகை படித்தவன்.

பேரனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. இன்றைய டர்போவில் அந்தப் பழைய தாமதம் பெரும்பாலும் போய்விட்டது. சக்கரம் சின்னதாகிவிட்டது, பெட்ரோலையும் காற்றையும் கம்ப்யூட்டர் அளக்கிறது. ஏற்காடு, கொடைக்கானல் என்று மலை ஏறுகிறவனுக்கும், நெடுஞ்சாலையில் லாரியை முந்துகிறவனுக்கும் டர்போ நல்ல துணை. கியலாமியில் உதவியது ஏற்காட்டிலும் உதவும். நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவனுக்குச் சாதா எஞ்சின் போதும், விலையும் குறைவு, கெடுவதற்கும் பாகம் குறைவு. விறுவிறுப்பு என்று நீ சொல்வது, கால் வைத்த அளவுக்கு வண்டி பதில் சொல்வதுதான் என்றால், அதிலும் சாதா எஞ்சினுக்குத் தனிச் சுகம் உண்டு. அது தன்னிடம் இல்லாததைக் கொடுப்பதாகச் சொல்லாது. டர்போ எடுத்தால் ஆயிலை மட்டும் தள்ளிப்போடாமல் மாற்று, லட்சம் சுற்று சுற்றுகிற சக்கரத்துக்கு அதுதான் உயிர்.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பேரன் சொன்னான்: "அப்ப டர்போவே எடுத்துக்கறேன் தாத்தா."

எடுத்துக்கொள்ளட்டும். வண்டி வந்ததும் முதலில் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன். மாமாவும் நானும் உட்கார்ந்து பந்தயம் கட்டிய இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்ல வேண்டும்.